‘அது சும்மாதான் அடிக்கும்’ – ஐ.சி.யு. அலாரமும் நம் குடும்பங்களும்

(மதரஸா மண்டபத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், நமது டிரஸ்டின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சர்க்கரை, பிரஷர், காப்பீட்டு அட்டை என்று பேசுவோம். இன்று ஒரு சத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஐ.சி.யு. எனும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வந்து நம் வயிற்றைக் கலக்குமே, அந்த ‘டிங் டிங்’ சத்தம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. ரமலானில் சஹருக்கு எழ நம் பிள்ளைகள் செல்போனில் எத்தனை அலாரம் வைக்கிறார்கள்? மூன்றே முக்காலுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, நாலேகாலுக்கு ஒன்று. எல்லாம் அடிக்கும். படுத்தபடியே கையை நீட்டி ஒவ்வொன்றாக அமுக்கிவிட்டுத் தூங்குவார்கள். கடைசியில் உம்மா வந்து போர்வையை இழுத்தால்தான் எழுவார்கள். முன்பு பக்கீர்சா தப்ஸ் அடித்துக்கொண்டு தெருவில் ஒரே ஒரு தடவை போவார், தெருவே எழுந்துவிடும். அவருடைய சத்தம் ஒன்றும் செல்போனைவிடப் பெரியதில்லை. அவர் அடித்தால் நேரமாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். நாலு அலாரம் வைக்கிற பிள்ளைக்கோ, முதல் மூன்றையும் நம்ப வேண்டாம் என்று அவனுடைய காதே கற்றுக்கொண்டுவிடுகிறது.

இதே விஷயம் ஐ.சி.யு.வில் நடந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரில் பார்த்துவிட்டோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த உரை.

சென்ற வருடம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் நிமோனியா காய்ச்சலில் ஐ.சி.யு.வில் சேர்க்கப்பட்டார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை, எங்கும் நடக்கக்கூடியதுதான். மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப், மார்பில் ஸ்டிக்கர் போல ஒட்டும் எலெக்ட்ரோடுகள், கையில் பிரஷர் பட்டை. எல்லா வயர்களும் தலைமாட்டில் உள்ள மானிட்டருக்குப் போகின்றன. அங்கே இரவில் குடும்பத்தார் ஒருவர் கூட இருக்க அனுமதி உண்டு. மருமகள் இருந்தார்.

முதல் இரவு முழுக்க மானிட்டர் கத்தியது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை பதறி எழுந்து சிஸ்டரைக் கூப்பிடுவார். சிஸ்டர் வருவார், நோயாளியைப் பார்ப்பார், பொத்தானை அமுக்குவார், போவார். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அடிக்கும். விடியும் முன்பே மருமகள் அழுதுவிட்டார். காலையில் எங்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் பார்க்கப் போனபோது, பார்வையாளர் நேரத்தில் பத்து நிமிடம் நின்று, அனுபவசாலிகள் போல ஆறுதல் சொன்னோம். “பயப்படாதீங்கம்மா, ஐ.சி.யு.வுல இது இப்படித்தான். அது சும்மாதான் அடிக்கும்.”

அது ஏன் அடித்தது என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்த மாமி விழித்திருக்கும் நேரமெல்லாம் வலக்கை விரல்களில் எண்ணி திக்ர் செய்பவர். பிரஷர் பட்டை இடக்கையில் கட்டியிருந்ததால், ஆக்சிஜன் கிளிப்பை வலக்கை விரலில் மாட்டியிருந்தார்கள். அவர் விரலை மடக்கும்போதெல்லாம் கிளிப் நழுவும், அளவு தவறும், மணி அடிக்கும். சிஸ்டருக்கு அவர் திக்ர் செய்கிறார் என்று தெரியாது. நமக்கோ கிளிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது.

மூன்றாவது இரவு, மாஸ்க்கிலிருந்து ஆக்சிஜன் குழாய் கழன்றுவிட்டது. மானிட்டர் அடித்தது. இந்தத் தடவை அது உண்மையைச் சொன்னது. ஆனால் இரண்டு நாளாகக் கேட்ட அதே சத்தம். சிஸ்டர் எதிர்ப் படுக்கையில் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், நாங்கள் சொன்னதை நம்பி. படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆயாதான் மாமியின் உதடு கறுத்துப்போனதைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் மாஸ்க்கோடு முடிந்திருக்க வேண்டியவரை ஆறு நாள் வென்டிலேட்டரில் வைக்க வேண்டியதாயிற்று.

அன்று காலை மருத்துவமனை வாசலில் நம் ஆட்கள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். “அந்த சிஸ்டரை வெளியே வரச் சொல்லுங்க” என்று குரல் உயர்ந்தது. மருத்துவமனையில் தகராறு செய்தால் சிறைக்கு அனுப்ப 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது என்று சொல்லித்தான் இளைஞர்களை அடக்கினோம். அதன்பிறகு மருமகளிடம் மெதுவாக விசாரித்தோம். தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்னார்: “காக்காமாருங்கதான் சொன்னாங்க, அது சும்மாதான் அடிக்கும்னு.”

அதற்குப் பிறகு அந்த சிஸ்டரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

எங்கள் குழுவில் உள்ள டாக்டர் பிள்ளைகளும் நர்சிங் படித்த சகோதரிகளும் உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தார்கள். இதற்கு மருத்துவ உலகில் ‘அலாரம் ஃபெட்டீக்’ என்று பெயரே இருக்கிறது. அலாரச் சலிப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஓயாமல் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவது. அமெரிக்காவில் இதை நிறைய எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், பார்பரா ட்ரூ என்ற செவிலியப் பேராசிரியரின் குழு 5 ஐ.சி.யு.க்களை, அதாவது 77 படுக்கைகளை, 31 நாட்கள் தொடர்ந்து பதிவு செய்தது. நோயாளிகள் 461 பேர். மானிட்டர்கள் பதிவு செய்த எச்சரிக்கைகள் 25 லட்சத்து 58 ஆயிரத்து 760! இவற்றில் பெரும்பாலானவை திரையில் மட்டும் வந்தவை. காதில் கேட்கும்படி அடித்தவற்றை மட்டும் கணக்கிட்டால், ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. ஒரு சிஸ்டர் இரண்டு படுக்கையைப் பார்த்தால், சராசரியாக நாலு நிமிடத்துக்கு ஒரு மணி. இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகிறது என்று அடித்த 12,671 அலாரங்களை நிபுணர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 88.8 சதவீதம் பொய். இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது.

நூற்றுக்கு எண்பத்தெட்டு தடவை பொய் சொல்லும் ஒருவர் நம் தெருவில் இருந்தால் அவர் பேச்சை எவ்வளவு நேரம் கேட்போம்? ‘புலி வருது, புலி வருது’ கதைதான். ஆனால் கதையில் சிறுவன் வேண்டுமென்றே பொய் சொன்னான். மானிட்டர் பொய் சொல்ல நினைப்பதில்லை. ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே அதிக உணர்வோடு அமைத்திருக்கிறார்கள். அந்த அதிகப்படியான ஜாக்கிரதையே ஆபத்தாக முடிகிறது.

பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றில் 2010 ஜனவரியில் நடந்தது உலகச் செய்தியானது. 89 வயதுப் பெரியவர், இதய மானிட்டரில் இருந்தவர். அவருடைய படுக்கையருகே இருந்த அபாய அலாரம் முந்தைய இரவே அணைக்கப்பட்டிருந்தது. காலையில் அவருடைய இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போய், சுமார் 20 நிமிடத்தில் நின்றுவிட்டது. செவிலியர் மேசையில் சிறிய ‘பீப்’ சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, நடைபாதைப் பலகைகளிலும் எழுத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. பணியில் இருந்த 10 செவிலியர்களில் ஒருவருக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டதாக நினைவில்லை என்று அரசு விசாரணையில் பதிவாகியிருக்கிறது. பத்துப் பேரும் அலட்சியக்காரர்களாக இருக்க முடியுமா? அவர்கள் காதில் விழுந்திருக்கும். மனதில் ஏறவில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாக அவர்களுக்கு வந்த புகார்கள் 98. அதில் 80 பேர் இறந்துபோனவர்கள். தாமாக முன்வந்து தெரிவித்தவை மட்டுமே இந்தக் கணக்கில் உண்டு. சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பணமும் ஆட்களும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஒரு சிஸ்டர் இரவில் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று நாம் கண்ணால் காணும் நம் பக்கத்து மருத்துவமனைகளில் எப்படி இருக்கும்?

சரி, மானிட்டர் ஏன் இப்படிப் பொய்யாக அடிக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் இதில் பல காரணங்கள் நம் வீட்டிலிருந்து போகின்றன.

விரல் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தைக் கொண்டு ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. விரல் ஆடினால் தடுமாறும், ஜில்லிட்டிருந்தால் தடுமாறும். பிரஷர் பட்டை கட்டிய கையிலேயே கிளிப்பும் இருந்தால், பட்டை இறுகும்போதெல்லாம் இரத்த ஓட்டம் நின்று மணி அடிக்கும். நகப்பூச்சும், கறுப்பாக ஏற்றிய மருதாணியும் ஒளியை மறைக்கலாம். கல்யாண வீட்டிலிருந்து நேரே ஐ.சி.யு.வுக்கு வருபவர்கள் உண்டு. நகப்பூச்சை அழித்துவிடலாம். மருதாணியை அழிக்க முடியாது, ஆனால் சிஸ்டரிடம் சொன்னால் கால் விரலிலோ காது மடலிலோ மாட்டும் கிளிப்பைப் பயன்படுத்துவார்கள். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோடு இருக்கிறதே, அது காய்ந்தாலோ தோலோடு சரியாக ஒட்டாவிட்டாலோ திரையில் கோடு தட்டையாகிவிடும். மானிட்டருக்கு இதயம் நின்றதற்கும் ஸ்டிக்கர் கழன்றதற்கும் எப்போதும் வித்தியாசம் தெரிவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு எளிய காரியம் செய்து பார்த்தார்கள். எலெக்ட்ரோடை தினமும் புதிதாக மாற்றினார்கள். அலாரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு ஸ்டிக்கர்தான்!

நம் வீட்டார் என்ன செய்கிறோம்? நோயாளியின் மார்பில் தைலம் தேய்க்கிறோம். அத்தர் தடவுகிறோம். ஓதி ஊதிய தண்ணீரையும் எண்ணெயையும் நெஞ்சில் தடவுகிறோம். நல்ல எண்ணம்தான், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எண்ணெய்ப் பசையில் ஸ்டிக்கர் நிற்காது. சிஸ்டரிடம் கேட்டுவிட்டு நெற்றியிலோ பாதத்திலோ தடவுங்கள். துஆவின் பரக்கத்துக்கு நெஞ்சுதான் வேண்டுமென்று எந்த ஆலிமும் எங்களிடம் சொல்லவில்லை.

இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள். நோயாளி பல் துலக்கினால் கை அசையும் வேகத்தில் திரையில் வரும் கோடு, உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்பைப் போலவே இருக்குமாம். படுத்தபடி மிஸ்வாக் செய்கிற நம் வாப்பாமார்கள் எத்தனை தடவை டாக்டரை ஓட வைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மிஸ்வாக் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. “சிஸ்டர், வாப்பா பல் துலக்கப் போறாங்க” என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். அதேபோல ஒளுவுக்காகக் கிளிப்பைத் தாமாகவே கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்குத் தயம்மும் உண்டு, சைகையால் தொழ அனுமதி உண்டு. தங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று நம் இமாமிடம் போனில் கேட்டாலே சொல்லிவிடுவார். கிளிப்பை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

அடுத்தது, அளவுகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துவிடுவது. பீடி குடித்தே நுரையீரல் பழுதான ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்றுதான் டாக்டர்கள் வைத்திருப்பார்கள். ஆனால் மானிட்டரில் 90க்குக் கீழே போனால் அடி என்று இருந்தால் நாள் முழுக்க அடித்துக்கொண்டுதான் இருக்கும். 89க்குப் போய் மூன்று விநாடியில் 91க்குத் திரும்பிவிடும், அதற்கும் ஒரு அடி. மணி அடிக்கும் முன் 14 விநாடி பொறுக்கும்படி அமைத்தால் வீண் அலாரத்தில் பாதியும், 19 விநாடி பொறுத்தால் மூன்றில் இரண்டு பங்கும் குறைந்துவிடும் என்று ஓர் ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் டாக்டரும் சிஸ்டரும் முடிவு செய்ய வேண்டியது, நாம் தலையிடக் கூடாது. ஆனால் “எங்க வாப்பாவுக்கு அலாரம் அளவு அவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இந்த ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இது முடியாத காரியமில்லை. பாஸ்டன் மெடிக்கல் சென்டர் என்ற மருத்துவமனையில், 24 படுக்கை கொண்ட இதய நோயாளிகள் பிரிவில், வாரத்துக்கு 87,823 தடவை மணி அடித்துக்கொண்டிருந்தது. தானாக அடங்கிவிடும், யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத சின்ன எச்சரிக்கைகளின் சத்தத்தை எடுத்தார்கள். உண்மையிலேயே ஓட வேண்டியவற்றை அபாய அலாரமாக உயர்த்தினார்கள். நோயாளிக்கு ஏற்றபடி அளவை மாற்ற, இரண்டு செவிலியர் ஒப்புக்கொண்டால் போதும் என்று அவர்கள் கையிலேயே அதிகாரத்தைக் கொடுத்தார்கள். 87,823 என்பது 9,967 ஆகிவிட்டது. புதிய இயந்திரம் வாங்கவில்லை, கூடுதல் ஆளும் போடவில்லை. மணி குறைந்ததால் அடிக்கிற மணிக்கு மதிப்பு வந்தது. பாங்கு ஐந்து வேளையும் அதனதன் நேரத்துக்கு ஒலிப்பதால்தானே கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு எழுகிறோம்.

இப்போது உங்களில் சிலர் கேட்கலாம்: “அப்படியானால் மணி அடித்தால் கவலைப்படுவதா, வேண்டாமா?” இங்கேதான் நாங்கள் முன்பு தவறினோம். கவலைப்படவும் சொல்லவில்லை, ‘சும்மா’ என்று விட்டுவிடவும் சொல்லவில்லை.

மணி அடித்தால் முதலில் மானிட்டரைப் பார்க்காதீர்கள், உங்கள் உம்மாவின் முகத்தைப் பாருங்கள். உதடு, நகம் எப்படி இருக்கிறது? நெஞ்சு ஏறி இறங்குகிறதா? கூப்பிட்டால் திரும்புகிறாரா? மாஸ்க்கும் குழாயும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா? இதில் எது ஒன்று சரியில்லை என்றாலும், வெட்கப்படாமல் உரக்கக் கூப்பிடுங்கள். இதற்கு முன் நூறு தடவை பொய்யாக அடித்திருந்தாலும் கூப்பிடுங்கள். மானிட்டர் அமைதியாக இருந்து, முகம் சரியில்லை என்றாலும் கூப்பிடுங்கள். அந்த ஆயா மானிட்டரைப் படிக்கத் தெரிந்தவர் அல்ல. அவர் மாமியின் உதட்டைப் பார்த்தார்.

பிறகு திரையின் நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலான மானிட்டர்களில் சிவப்பு மின்னினால் உடனே ஆள் வர வேண்டியது. மஞ்சள் மின்னினால் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டியது. மின்னாமல் நிலையாக எரியும் மஞ்சளோ நீலமோ, பொதுவாக வயர், கிளிப் போன்ற சின்னக் கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆகவே முதல் நாளே சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் ஒரு பொத்தானையும் நீங்கள் தொடாதீர்கள். “தூங்க முடியல, ஆஃப் பண்ணிடுங்க” என்று சிஸ்டரைக் கெஞ்சவும் செய்யாதீர்கள். யாஸீன் ஓதும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அணைக்கச் சொன்ன குடும்பத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அணைக்கச் சொல்வதற்குப் பதில், “இது ஏன் அடிக்குது சிஸ்டர், கிளிப்பை மாத்திப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். முதல் பேச்சில் நீங்கள் அவருக்குப் பாரம், இரண்டாவதில் நீங்கள் அவருக்குத் துணை.

நோயாளியை விசாரிக்கப் போவது நம் மார்க்கத்தில் ஒரு கடமை. ஒரு முஸ்லிம் மீது இன்னொரு முஸ்லிமுக்கு உள்ள ஹக். ஆனால் ஐ.சி.யு. வாசலில் இருபது பேர் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய், ஒவ்வொருவர் பையிலும் ஒரு செல்போன், அதில் ஒவ்வொன்றிலும் ஒரு பாங்கு ஆப். லுஹர் நேரத்தில் ஐந்து போனிலிருந்து ஐந்து விதமாகப் பாங்கு ஒலித்ததை நாங்கள் ஒரு நாள் ஐ.சி.யு.வுக்குள் கேட்டோம். அந்தச் சத்தத்தில் மானிட்டர் அடித்திருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும்? வீட்டில் இருந்தபடி துஆ செய்வதும், மூன்று நாள் கண் விழித்த மருமகளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும் நலம் விசாரிப்பதில் சேர்ந்ததுதான்.

அந்த சிஸ்டரைப் பிறகு ஒருநாள் எங்கள் சகோதரிகள் சந்தித்துப் பேசினார்கள். சின்ன வயதுப் பெண், தென் மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர். “ராத்திரி டியூட்டி முடிஞ்சு போய்ப் படுத்தாலும் காதுக்குள்ள அது அடிச்சுக்கிட்டேதான் இருக்கும் அக்கா” என்றாராம். அந்த இரவு அவர் ஒருவராகப் பார்த்தது ஏழு படுக்கை. அந்தம்மா விரல் விட்டு எண்ணுவது முதலிலேயே தெரிந்திருந்தால் பட்டையை வலக்கைக்கும் கிளிப்பை இடக்கைக்கும் மாற்றியிருப்பேன் என்று சொல்லி அழுதிருக்கிறார். வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார். மணி அடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கடைசியாக நம் டிரஸ்டின் பணத்தைப் பற்றி. சதக்கா நிதியிலிருந்து நம் பக்கத்து மருத்துவமனைக்கு இரண்டு மானிட்டர் வாங்கிக் கொடுப்பதாக நாம் ரமலானில் அறிவித்திருந்தோம். பணமும் அல்லாஹ்வின் கிருபையால் சேர்ந்துவிட்டது. இப்போது எங்கள் குழு வேறொரு யோசனை சொல்கிறது. ஒரு மானிட்டர் போதும். மீதிப் பணத்தில் எலெக்ட்ரோடு ஸ்டிக்கர்களும், தேய்ந்துபோன விரல் கிளிப்களுக்குப் பதில் புதியவையும் வாங்குவோம். இரவு நேரத்துக்கு ஒரு செவிலியரின் சம்பளத்தை ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்ள முடியுமா என்று நிர்வாகத்திடம் பேசுவோம். பார்க்க ஆளில்லாத இடத்தில் இன்னொரு மானிட்டரை வைத்தால் இன்னொரு சத்தம்தான் கூடும்.

இதற்கு எதிர்ப்பு இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. இயந்திரம் என்றால் பத்து வருடம் நிற்கும், சதக்கத்துல் ஜாரியாவாக நன்மை வந்துகொண்டே இருக்கும், ஸ்டிக்கர் ஒரே நாளில் குப்பைக்குப் போய்விடுமே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மானிட்டரில் மர்ஹூம்களின் பெயர் எழுதிப் பலகை வைக்கலாம் என்று நன்கொடை கொடுத்த குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் மனம் நோகக் கூடாது. எலெக்ட்ரோடு ஸ்டிக்கரில் யார் பெயரையும் எழுத முடியாது என்பதும் உண்மைதான். என்ன நோக்கத்துக்காகக் கொடுத்தார்களோ அதை அவர்களைக் கேட்காமல் மாற்ற நமக்கு அனுமதி இல்லை என்று இமாம் அவர்களும் நினைவுபடுத்தியிருக்கிறார்கள். ஆகவே நன்கொடை தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கள் ஆட்கள் இந்த வாரம் வருவார்கள். சம்மதம் என்றால் சம்மதம் என்றும், இல்லையென்றால் இல்லையென்றும் தயங்காமல் சொல்லுங்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகக் கமிட்டி முடிவெடுக்கும்.

ஐ.சி.யு.வில் ஆள் சேர்த்திருக்கும் குடும்பத்துக்காக ஒரு சிறிய தாள் அச்சிட்டிருக்கிறோம். நோயாளி எந்தக் கையால் தஸ்பீஹ் எண்ணுவார், நகத்தில் மருதாணி இருக்கிறதா, காது கேட்குமா, எந்த நேரத்தில் தொழுவார், என்ன மொழியில் பேசினால் புரியும் என்று ஐந்தாறு கேள்விகள். நிரப்பி, சேர்க்கும்போதே சிஸ்டரிடம் கொடுத்துவிடலாம். டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் கிடைக்கும், இன்று வாசலிலும் வைத்திருக்கிறோம்.

அந்த மாமி இன்று திரைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார். பெயர் மட்டும் சொல்ல வேண்டாம், மற்றதெல்லாம் சொல்லுங்கள் என்று அனுமதி தந்தவரும் அவர்தான். மருமகளும் பக்கத்தில் இருக்கிறார். அந்த ஆயாவுக்குப் பெருநாளைக்கு மாமி ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆயா கேட்டது வேறு: அவருடைய மகளுக்கு நர்சிங் படிக்க நம் கல்வி உதவித் திட்டத்தில் மனுப் போடலாமா என்று. போடலாம் என்று சொல்லியிருக்கிறோம். மனு வந்திருக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமைக் கமிட்டியின் முன் இருக்கிறது.